அடையாள அட்டையுடன் வரவும்

ஈச்சிலம்பற்று
09.02.2025

தனு,

போனில் கதைத்தால் ஏசுவேன். இல்லாவிட்டால் அழுவேன். இரண்டுக்கும் மனமில்லை, அதனால் எழுதுகிறேன். திருகோணமலை பஸ்ஸில் கண்டக்டர் ஸப்வானிடம் கொடுத்துவிடுவேன். "வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில அக்கா என்னைத் தபால்காரனாக்கிப் போட்டா" என்று பகிடி விடுவான். விடட்டும்.

அப்பாவின் திவசத்தன்று நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "போன காணி போனதுதான் மாமா." சோற்றில் கை வைத்த மனிதரிடம். அவர் என் மாமனார், உன் வாய்க்குக் கிடைத்த ஆள் இல்லை. பாயசம் வர முதல் எழும்பிப் போனார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடும் கதைக்கவில்லை. மகன் கட்டாரில். நானும் கதைக்காவிட்டால் அவருக்கு யார்?

இனி எழுதுவது நான் கேட்பதில்லை, காணிக் குழு கேட்பது. நாற்பத்து மூன்று குடும்பம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வயலுக்குள் வேறு ஆட்கள் நட்ட எல்லைக் கல் நின்றது, உனக்குத் தெரியும். போன வருடம் எல்லாருடைய கதையையும் கொப்பியில் எழுதினேன். நான் படிப்பிக்கிற முன்பள்ளி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டு பூட்டினபடியே இருந்தது. கொப்பி இல்லை.

இணையத்தில் ஒரு பக்கம் போடுங்கள், ஆட்கள் அதில் நிரப்பட்டும், அதை யாரும் தூக்கிக்கொண்டு போக ஏலாது என்று எங்கள் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணி சொல்கிறா. ஹோட்டல்காரருக்கும் படகுக்காரருக்கும் நீ கட்டிக் கொடுக்கிறாயே, அந்த மாதிரி. கட்டித் தருவாயா? இல்லை என்றால் காரணம் எழுத வேண்டாம்.

அக்கா
பிரியதர்சினி


அன்புவழிபுரம்
11.02.2025

அக்கா,

ஓம்.

பக்கம் முடிந்துவிட்டது. முகவரியைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இது பெரிய வித்தை இல்லை. திரையின் ஒரு பக்கத்தில் கட்டங்கள் இருக்கும். தலைப்பு, படம், பந்தி, படிவம், பொத்தான். வேண்டியதை இழுத்துக்கொண்டுபோய் வேண்டிய இடத்தில் விட வேண்டும். அவ்வளவுதான் என் தொழில். உங்களுக்காக வெறும் பக்கத்திலிருந்து புதிதாகக் கட்டினேன்.

மேலே வயல். படத்தில் கல் தெரியாது. கீழே ஐந்து கேள்வி. பெயர். தொலைபேசி. இடம்பெயர்ந்த நாள். காணியைச் செய்தவர்கள் எத்தனை பேர். நடந்ததைச் சொல்லுங்கள். கடைசியில் ஒரு பச்சைப் பொத்தான், "அனுப்பு" என்று. நிரப்புவது எல்லாம் எனக்கு மின்னஞ்சலில் வரும். நான் அச்செடுத்து சட்டத்தரணிக்குக் கொடுப்பேன்.

திவசத்தன்று நான் சொன்னது

அதைப் பிறகு எழுதுகிறேன்.

தனுஷிகா


ஈச்சிலம்பற்று
20.02.2025

தனு,

பக்கம் நல்லம். சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகள் போன பிறகு முன்பள்ளியில் இருந்து நிரப்புகிறோம். ஆட்கள் வந்து பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் என் போனில் அடிக்கிறேன். நாற்பத்து மூன்றும் முடிந்தது. எல்லாருக்கும் முதல் ஊர் திரும்பிய இரத்தினேஸ்வரியக்கா, கல் நட்ட நாளில் வந்தவர்களின் பெயரைச் சொன்னா. மூன்று பெயர், வந்த வாகனத்தின் இலக்கம். "போடட்டா?" என்று கேட்டேன். "உன்ர தங்கச்சி கட்டினதுதானே, போடு" என்றா.

கடைசியாக மாமா வந்தார். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தார்.

"காணியை எத்தனை பேர் செய்தனீங்கள் மாமா?"

"ரெண்டு பேர்."

"நீங்களும்?"

"பாக்கியமும்."

பாக்கியரத்தினம் அவருடைய தம்பி. காணிப் பேர்மிட்டில் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. தொண்ணூறில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். தம்பி போனார், வரவில்லை. மாமாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், போகவில்லை. இவ்வளவுதான் எனக்கும் தெரியும். இந்த வீட்டுக்கு வாழ வந்து பத்து வருடத்தில் அந்தப் பெயரை அவர் சொல்லி இரண்டாம் தரம் கேட்கிறேன்.

எழும்பும்போது, "தனுப்பிள்ளை சுகமோ?" என்றார். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, நான். அவர் மன்னித்துவிட்டார் போல.

எல்லாம் உனக்கு வந்து சேர்ந்ததா? ஒரு பிரதி அனுப்பு.

அக்கா


அன்புவழிபுரம்
25.02.2025

அக்கா,

வேலை கூடிப்போய்விட்டது. இன்னும் வடிவாகப் பார்க்கவில்லை. வந்திருக்கும். பிரதி பிறகு அனுப்புகிறேன்.

இனிமேல் யாராவது நிரப்பினால் முழுப் பெயர் போட வேண்டாம். வாகன இலக்கம் வேண்டாம். காரணம் ஒன்றும் இல்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தனு


ஈச்சிலம்பற்று
26.02.2025

தனு,

இன்றைக்குச் சிவராத்திரி. பின்னேரம் நாலு மணிக்கு ஊர்ச் சனம் முழுக்கக் கோயில் வெளியில். நான் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் என் மடியில் இருந்த போன் அடித்தது. அடுத்தது முன்னால் இருந்த கிழவியின் இடுப்பில். பிறகு எல்லாப் பக்கமும். தேர்முட்டிப் பக்கம், கிணற்றடி, மடப்பள்ளி. ஒரே நேரத்தில், ஒரே சத்தம். மேளகாரர்கூட நிறுத்திவிட்டார்கள்.

பெயர் இல்லாத இலக்கத்திலிருந்து குறுஞ்செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"விபரம் கிடைத்தது. காலை 6 மணி, துறைமுக வாயில். அடையாள அட்டையுடன் வரவும்"

எந்த நாள் என்று இல்லை. யார் என்று இல்லை. எண்ணிப் பார்த்தேன். வந்தது நாற்பத்து மூன்று வீட்டுக்கும். நாற்பத்து நாலாவது வீட்டுக்கு வரவில்லை.

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கு வைக்க முதல் கோயில் வெளி காலி. இரத்தினேஸ்வரியக்கா சிம்மைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, மகளை வாகரையில் இருக்கும் சொந்தத்திடம் அனுப்பிவிட்டா. நானும் என் சிம்மைக் கழற்றிவிட்டேன். நீயும் எனக்குப் போன் எடுக்காதே. இனிக் கடிதம் மட்டும்.

யார் தனு? கொப்பியை எடுத்தவர்கள் பக்கத்துக்குள்ளேயும் வர ஏலுமா?

மாமாவுக்குப் போனின் சின்ன எழுத்துத் தெரியாது, நான்தான் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். தொண்ணூறில் அந்த ஒலிபெருக்கியும் இதைத்தான் சொன்னதாம். ஆறு மணி. அடையாள அட்டை.

"என்ன நாள் பிள்ளை?"

"நாள் போடேல்லை மாமா."

"அப்ப எந்த நாளும்தான்" என்றார். பிறகு தன் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணித் தரச் சொன்னார். கோயிலுக்காக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா


அன்புவழிபுரம்
28.02.2025

அக்கா,

நேற்றுப் பின்னேரம் கடிதம் கிடைத்தது. உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன். சிம் இல்லை என்று தெரிந்தும் எடுத்தேன். திரும்பத் திரும்ப.

அந்த வசனத்தை எழுதியது நான்.

வெறும் பக்கத்திலிருந்து கட்டினேன் என்றேன். பொய். ஒரு படகுக்காரருக்குக் கட்டிய பக்கத்தைப் பிரதி எடுத்தேன். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற படகு. அவருடைய படிவத்திலும் ஐந்து கேள்வி. பெயர், தொலைபேசி, பயண நாள், எத்தனை பேர், விசேட கோரிக்கை. மேலே தெரிகிற சொற்களை மாற்றினேன். கடலை எடுத்துவிட்டு வயலை வைத்தேன். ஒரு பின்னேரத்து வேலை. அடியில் இன்னொரு பகுதி இருக்கிறது, "அனுப்பிய பின் என்ன நடக்க வேண்டும்" என்று. கட்டும்போது அதை நான் திறக்கவேயில்லை.

ஆகவே நாற்பத்து மூன்று பேரும் அவரிடம் போனார்கள். படகுக்குப் பதிந்தவர்களாக. இடம்பெயர்ந்த நாள், பயண நாளாக. இரத்தினேஸ்வரியக்காவின் மூன்று பெயரும் வாகன இலக்கமும், விசேட கோரிக்கையாக.

குறுஞ்செய்தியும் அந்தப் படகுடையது. சீசன் தொடங்கும்போது பதிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும்படி நான்தான் வைத்தேன். தமிழில் எழுபது எழுத்துக்கு மேல் போனால் இரண்டு செய்தியாகிவிடும். கொம்பு, அரவு, குற்று, இடைவெளி எல்லாம் எண்ணிக்கையில் சேரும். நான் வெட்டினேன். வணக்கத்தை வெட்டினேன். படகின் பெயரை வெட்டினேன். திமிங்கிலத்தை வெட்டினேன். சரியாக எழுபது வந்தது. கடைசி முற்றுப்புள்ளிக்கு இடமில்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இறங்குதுறை பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால் அடையாள அட்டை.

இன்னொன்று. இருபத்தைந்தாம் திகதி உங்களுக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். அன்று காலையில் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டேன். மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மூடினேன். செய்தி ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு உண்மையை எழுதியிருந்தால், எழுதும்போதே அதுவும் ஞாபகம் வந்திருக்கும். நிறுத்தியிருக்கலாம்.

படகு முதலாளி முன்பு சீருடை போட்டவர். என்ன சீருடை என்று நான் கேட்டதில்லை. போனால் தேநீர் தருவார். சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடுவார். வாசித்தாரா, தெரியாது. கேட்டால், வாசிக்காதவரும் போய் வாசிப்பார். கேட்காவிட்டால், வாசித்தவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் போகும். இன்று காலையிலிருந்து ஆறு தரம் எடுத்துவிட்டார். போனை நிறுத்திவிட்டேன்.

நான் நேரில் வந்து சொல்ல வேண்டும். பஸ் நிலையம் வரை வந்துவிட்டேன். ஏற முடியவில்லை. கடிதத்துக்கு முகம் இல்லை, அதனால் அதை அனுப்புகிறேன்.

முதலில் மாமாவிடம் சொல்லுங்கள். இதை வாசிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்ச் சொல்லுங்கள். யாரும் கூப்பிடவில்லை. அது மீன் பார்க்கிற படகு.

தனு


01.03.2025
காலை

தனு,

உன் கடிதம் நேற்று ஆறு மணி பஸ்ஸில் வந்தது. நீ சொன்னபடி எழும்பிப் போனேன். மாமா இல்லை.

பகல் இரண்டு மணிக்கே போய்விட்டார். வெருகல் கோயிலுக்கு என்றார். நம்பினேன். உன் கடிதம் இங்கே வரும்போது அவர் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறார், அதே ரோட்டில்.

மேசையில் அவருடைய மணிக்கூடு. போன். அலுமாரித் திறப்பு. எல்லாம் வரிசையாக. கொண்டுபோனது அடையாள அட்டையும் பேர்மிட்டும். வெள்ளைச் சேட்டு. நான் அயன் பண்ணிக் கொடுத்த சேட்டு.

பக்கத்து வீட்டுப் போனில் உனக்கு எடுத்தேன். உன்னுடையது நின்றிருந்தது. நிறுத்திவிட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியும் எடுத்தேன்.

இதை முதல் பஸ்ஸில் கொடுக்கிறேன். நான் மூதூர்ப் பக்கம் தேடுகிறேன். நீ துறைமுக வாயிலுக்குப் போ. பயம் என்று எழுதாதே. போ.


திருகோணமலை பஸ் நிலையம்
01.03.2025
பின்னேரம்

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் மாமா. ஆளைப் பார்த்த பிறகு வாசியுங்கள்.

காலை எட்டே கால். ஸப்வான் பஸ்ஸை நிலையத்தில் விட்டுவிட்டு ஓட்டோவில் வந்து கதவில் அடித்தான். பகிடி ஒன்றும் விடவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டு, "ஏறு" என்றான்.

வாயிலில் நின்ற காவலாளியைக் கேட்டேன். வயதான ஆள், வெள்ளைச் சேட்டு.

"ஓம், அஞ்சு மணிக்கே வந்து நிண்டவர். படகில போயிட்டார்."

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். அதை எழுத என்னால் ஏலாது. கடல் தட்டையாக இருந்தது. அவ்வளவு தட்டையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒன்பதரைக்கு முதலாளி வந்தார். கையில் கோப்பு.

"நங்கி, போன் எடுக்கேல்லைதானே."

"ஓம் சேர்."

"நாப்பத்து மூணு புக்கிங். நாள் எல்லாம் இரண்டாயிரத்து ஆறு. எனக்குச் சிரிப்பு. தாஹிரை வாசிக்கச் சொன்னேன்." தாஹிர் அவருடைய எழுதுவினைஞர். "பத்துப் பேருடையது வாசிச்சான். பிறகு, 'சேர், என்னால ஏலாது' எண்டு எழும்பிப் போயிட்டான். மற்றது எல்லாம் நான் வேற ஆளிட்டக் குடுத்து வாசிச்சேன்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

கோப்பை என் கையில் தந்தார். மின்னஞ்சலில் அழித்துவிட்டாராம். "கல்லு போட்டது எங்கட ஆட்கள் இல்லை நங்கி, பயப்பட வேணாம்" என்றார். எங்கட ஆட்கள் என்றால் யார் என்றும் நான் கேட்கவில்லை. தேநீர் வந்தது. குடித்தேன். வேண்டாம் என்று சொல்லப் பயம்.

பத்தரைக்குப் படகு வந்தது. வெள்ளைக்காரர்கள் இறங்கினார்கள், சிரித்துக்கொண்டு. கடைசியாக மாமா. வெள்ளைச் சேட்டுக்கு மேல் செம்மஞ்சள் மிதவை அங்கி. வார்களை இரண்டு கையாலும் பிடித்தபடி. கீழே இறங்கி நிலத்தைப் பார்த்தார். காலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"பிள்ளை, நீயோ" என்றார். "உன்னையும் கூப்பிட்டவங்களோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் நிலையத்துக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில் இருந்து, பிரதி எடுத்தது, எழுபது எழுத்து, திவசத்தன்று சொன்னது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தார். ஏசவில்லை. நேற்று அந்தியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். வடை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றார்.

"ஒரு பெரிய மீன் முதுகு காட்டினதாம். எல்லாரும் கத்தினவை. நான் கண்ணைத் திறக்கேல்லை. கொண்டு போறவங்கள் திருப்பிக் கொண்டு வருவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லைப் பிள்ளை."

"ஏன் மாமா போனீங்கள்?"

"போகாட்டி வீட்டை வருவாங்கள். வீட்டில அவள் தனிய."

அவள் என்றது உங்களை.

தாஹிர் எனக்குச் சொன்னதையும் எழுதுகிறேன், மாமா தானாக உங்களுக்குச் சொல்லமாட்டார். காலையில் தாஹிர் பட்டியலில் பெயர் தேடியிருக்கிறான். அவன் வாசித்த பத்தில் மாமாவுடையது இல்லை. பட்டியலில் மாமாவின் பெயர், தம்பு, இருக்கிறது.

"ஐயா, ரெண்டு பேர் எண்டு பதிஞ்சிருக்கு. மற்றவர் எங்க?"

"அதைக் கேக்கத்தான் வந்தனான்" என்றாராம்.

பகிடி என்று நினைத்துத் தாஹிர் சிரித்திருக்கிறான். பிறகு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். என்ன செய்வது என்று தெரியாமல் மிதவை அங்கியைப் போட்டுவிட்டு, வார்களை இறுக்கி, கை கொடுத்துப் படகில் ஏற்றியிருக்கிறான்.

நான் கூட வரவில்லை. ஸப்வான் பார்த்துக்கொள்வான். முன் இருக்கை கொடுத்திருக்கிறான்.

அக்கா, கோப்பை எண்ணினேன். நாற்பத்து இரண்டு தாள். நிலத்தில் பரப்பி எண்ணினேன். மூன்று தரம். இல்லாதது இரத்தினேஸ்வரியக்காவுடையது.

தனு


ஈச்சிலம்பற்று
04.03.2025

தனு,

மாமா வந்து சேர்ந்தார். குளித்தார், சாப்பிட்டார், ஒரு பகல் முழுக்கப் படுத்தார். மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டார்.

படகுக் கதையை ஊருக்குச் சொன்னவர் அவர்தான், நான் இல்லை. தன்னைக் கொண்டுபோய் மீன் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள் என்றார். சனம் சிரித்தது. சிவராத்திரிக்குப் பிறகு முதல் தரம். அன்றைக்கு ஊரைவிட்டு அனுப்பிய பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

உன் பிழை என்று மட்டும் மாமா சொல்லவில்லை. ஏதோ மாறுப்பட்டுப் போச்சு என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாளைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்.

தவறி விழுந்த தாளாக இருக்கலாம். அச்சு இயந்திரம் விட்டிருக்கலாம். நான் இரவும் பகலும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நேற்று மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இரத்தினேஸ்வரியக்கா வீட்டு ஒழுங்கையில் நின்று, டெங்கு நுளம்புப் பரிசோதனை என்றார். நுளம்புக்காரர் ஒவ்வொரு வருடமும் வருகிறவர்தான். ஆனால் வேறு ஒழுங்கைக்குப் போகவில்லை.

பிள்ளையைக் கூப்பிட வரும் ஆட்களோடு ஒவ்வொரு நாளும் முன்பள்ளிக்கு அவவும் வருகிறா. ஒரே கேள்விதான்.

"தங்கச்சி கட்டின பக்கம் நல்லம்தானே டீச்சர்? என்ர பேர் பத்திரம்தானே?"

"ஓம்" என்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகும் அதைத்தான் சொல்கிறேன். இந்த ஓம் என்னுடையது இல்லை தனு. உன்னுடையது. வந்து எடுத்துக்கொள்.

ஞாயிறு பின்னேரம் முன்பள்ளியில் எல்லாரும் கூடுகிறோம். சட்டத்தரணியும் வருகிறா. கோப்பைக் கொண்டு வா. ஒவ்வொருவருடைய தாளையும் அவரவர் கையில் நீயே கொடு. யாருக்குத் தாள் இல்லையோ அவவிடமும் நீயே சொல். அவ தெரிந்துகொண்டால்தான் எங்கே இருப்பது, எங்கே போவது என்று தானே முடிவெடுப்பா. அதை நாம் அவவுக்குப் பதிலாக முடிவெடுக்க ஏலாது.

ஏசுவார்கள். இரத்தினேஸ்வரியக்கா அடித்தாலும் நான் தடுக்கமாட்டேன். மாமாவிடம் கேட்டேன், அவள் வர வேண்டும் என்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று. "வரட்டும். நான் பக்கத்துக் கதிரையில இருப்பன்" என்றார்.

கடிதம் போடாதே. வா.

அக்கா


அன்புவழிபுரம்
06.03.2025

அக்கா,

போட வேண்டாம் என்றும் போடுகிறேன். இது கடைசி.

ஞாயிறு. காலை ஆறு மணி பஸ். ஸப்வானிடம் சொல்லிவிட்டேன்.

பயமாக இருக்கிறது.

வாறன்.

தனு